பால், பிரட், சைலன்சர்: பாஸ்டன் பனிப்புயல் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, பாஸ்டன் பக்கத்துப் பர்லிங்டனுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். "பத்து அங்குலம் பனி என்று டிவியில் சொன்னதுமே கடையில் பாலும் பிரட்டும் காலி. பனியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஏன் இப்படிப் பதறுகிறார்கள்? வழியில் மாட்டிக்கொண்டால் காருக்குள் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தால் போச்சு" என்கிறீர்கள். முதல் பாதியைப் படித்துச் சிரித்தேன். அந்த ஹீட்டர் விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2015 ஜனவரிக் கடைசி. பாஸ்டனில் ஒரே புயலில் 24.6 அங்குலம் கொட்டி முடித்திருந்தது. எனக்கு இங்கே நாலாவது குளிர்காலம், எல்லாம் தெரிந்த நினைப்பு. காரை ஸ்டார்ட் செய்து, குளிராமல் இருக்கட்டும் என்று பையனைப் பின் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, ஷவலை எடுத்து முன்பக்கப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெரியவர், எழுபது வயதுக்காரர், வீட்டுச் செருப்போடு பனியில் ஓடி வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைத் திறந்து பையனை வெளியே இழுத்தார். அப்புறம் காருக்குப் பின்னால் மண்டியிட்டு வெறும் கையால் தோண்டினார். சைலன்சர் வாய் முழுக்கப் பனி அடைத்துக் கிடந்தது. எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "நான் 128-இல் இருந்தவன்" என்றார்.

எனக்கு அப்போது புரியவில்லை. நீங்கள் தினமும் வேலைக்குப் போகும் சாலைதான் அது. உங்கள் மேப்பில் 95 என்று காட்டும். இந்த ஊர்க்காரர்களுக்கு அது என்றைக்கும் 128.

1978 பிப்ரவரி 6, திங்கட்கிழமை. விடியற்காலையிலேயே பனி வரும் என்று சொல்லியிருந்தார்கள். விடிந்து பார்த்தால் ஒன்றுமில்லை. இவர்கள் சொல்லி எது நடந்திருக்கிறது என்று எல்லோரும் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பிடித்தது. மதியம் அலுவலகங்களை மூடி எல்லோரையும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு அனுப்பியபோது, 128-இல் லாரிகள் வழுக்கிக் குறுக்கே நின்றன. பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். பனி தள்ளும் வண்டி உள்ளே போக வழியில்லை. 3,000-க்கு மேற்பட்ட கார்களும் 500 லாரிகளும் நின்ற இடத்திலேயே புதைந்தன. மறுநாள் புயல் ஓய்ந்தபோது பாஸ்டனில் 27.1 அங்குலம்.

அந்தக் கார்களில் இருந்தவர்கள் நீங்கள் சொன்னதைத்தான் செய்தார்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டர் போட்டு, காத்திருந்தார்கள். வெளியே பனி ஏறிச் சைலன்சரை மூட, கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பியது. அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். அந்தச் சாலையில் மட்டும் 14 பேர் அப்படிச் செத்துப்போனார்கள். பழைய கதை என்று விட்டுவிடாதீர்கள். 2013 பிப்ரவரிப் புயலில், பாஸ்டனுக்குள்ளேயே, அப்பா பனி தள்ளிக்கொண்டிருக்கும்போது காருக்குள் சூடாக உட்கார்ந்திருந்த ஒரு பையன் இறந்துபோனான். நான் செய்ததும் அச்சு அசலாக அதேதான். இப்போது எழுதும்போதும் கை சில்லிடுகிறது.

எங்கள் பெரியவர் இன்ஜினை விட்டு விட்டு ஓடவிட்டிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் இறங்கிப் பின்பக்கத்தைத் தோண்டியிருக்கிறார். கடைசியில் முன்பின் தெரியாத ஆட்களோடு வரிசையாகக் கைகோத்து நடந்து ஒரு சர்ச்சில் போய்ப் படுத்தாராம். நகரத்துக்குள் பாஸ்டன் கார்டன் அரங்கில் ஹாக்கி பார்க்கப் போனவர்களில் சிலர் நாள்கணக்கில் அரங்கத்திலேயே தங்கி, அங்கிருந்த ஹாட் டாக்கைத் தின்றார்கள். கடலோரம்தான் அடி பலம். அமாவாசையை ஒட்டிய நாள், கடல் ஏற்கெனவே பெருகியிருந்தது. அதன்மேல் புயல் காற்று. ரிவியர், ஹல், சிச்சுவேட் பக்கமெல்லாம் வீடுகள் அலையோடு போயின. புயல் முழுவதிலும் இறந்தவர்கள் சுமார் 100 பேர்.

அப்புறம் ஒரு வாரம் கார் ஓட்டவே தடை. ராணுவம் வந்தது. மாசசூசெட்ஸ் கவர்னர் டுக்காகிஸ் தினமும் ஸ்வெட்டரோடு டிவியில் வந்து பேசினார். சனங்கள் குழந்தைகளின் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். "தெருவில் எல்லோருடைய பெயரும் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வாரத்தில்தான்" என்பார் பெரியவர். பாலும் பிரட்டும் ஏன் காலியாகிறது என்று கேட்டீர்களே, இதுதான். அந்த வாரத்தைப் பார்க்காத பேரப்பிள்ளைகளும் பழக்கத்தில் ஓடுகிறார்கள். முட்டையும் சேர்த்து வாங்குவதால், புயல் வந்தால் வீட்டுக்கு வீடு பிரெஞ்சு டோஸ்ட்டா (இந்த மூன்றையும் வைத்துச் செய்வது) என்று அவர்களே கேலியும் செய்துகொள்வார்கள்.

பாஸ்டனுக்குள் நண்பர் வீட்டுக்குப் போனால் இன்னொன்று: தெருவோரம் காலி இடத்தில் உடைந்த நாற்காலி கிடந்தால், யாரோ குப்பை போட்டிருக்கிறார்கள் என்று நகர்த்திவிட்டு நிறுத்தாதீர்கள். மணிக்கணக்கில் தோண்டியவர் போட்ட துண்டு அது, நம் ஊர் பஸ் சீட் மாதிரி. நகராட்சி அறிவித்த பனி எமர்ஜென்சி முடிந்தபின் 48 மணி நேரம் வரை நகராட்சியும் கண்டுகொள்ளாது.

டிவியில் 'பிளிசர்ட்' என்றால் எத்தனை அங்குலம் என்று பார்க்காதீர்கள். மணிக்கு 35 மைல் காற்று, கால் மைலுக்கு அப்பால் கண் தெரியாத நிலை, இரண்டும் சேர்ந்து மூன்று மணி நேரமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். அந்த வார்த்தை காதில் விழுந்தால் ஆபீஸில் யார் என்ன சொன்னாலும் மதியத்துக்குமுன் கிளம்பிவிடுங்கள். காரில் ஒரு போர்வை, தண்ணீர், சின்ன ஷவல். கரண்ட் போகலாம் என்பதால் இட்லி மாவை முந்தின நாளே அரைத்து, ஓவனுக்குள் லைட்டைப் போட்டு வையுங்கள். இந்தக் குளிரில் வெளியே வைத்தால் பொங்காது. ஷவல் இன்னும் வாங்கவில்லையென்றால் இன்றைக்கே போங்கள், நாளைக்குப் பாலோடு அதுவும் தீர்ந்திருக்கும்.