ராத்திரியில் மறந்துபோகும் மெமரி

கேள்வி: என்னிடம் 8 கேபி மெமரியுடன் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற பழைய மடிக்கணினி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 6264 என்ற 8 கேபி மெமரி சிப் ஒன்றும், 74எச்சி ரக லாஜிக் கேட் (சிக்னல்களைச் சேர்த்து ஒன்றாக்கும் சிப்) ஒன்றும் வைத்து மூன்று சின்ன போர்டுகள் செய்து, காலியாக இருந்த சாக்கெட்டுகளில் பொருத்தினேன். மெனுவில் காலி இடம் 5062 பைட் என்று இருந்தது 29638 ஆனது. ஆனால் ராத்திரி அணைத்து அடாப்டரைக் கழற்றிவிட்டு, மறுநாள் மாலை போட்டால் கோப்புகளைக் காணோம். செல் எதுவும் போடுவதில்லை. சிப்பை மாற்றியும் பயனில்லை.

பதில்: 29638 வந்துவிட்டதால் முகவரி இணைப்புகள் சரி. சிப்பையும் விட்டுவிடுங்கள். இந்த மெஷின் அணைந்த பிறகும் மெமரிக்கு மட்டும் உள்ளே இருக்கும் சின்ன நிக்கல்-காட்மியம் பேட்டரி மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். தவறு அங்கேதான் இருக்க வேண்டும்.

முதலில் பேட்டரி மேல் பழி போடலாமா என்று பாருங்கள். மூன்று போர்டுகளையும் கழற்றி, பழைய 8 கேபியோடு ஒரு வாரம் விடுங்கள். அப்போதும் கோப்புகள் போனால் பேட்டரிதான். 1983-இல் வந்த மெஷினில் அதில் ஆச்சரியம் இல்லை. கோப்புகள் நின்றால், உங்கள் போர்டுதான் பேட்டரியைக் குடிக்கிறது.

என் சந்தேகம் அந்த கேட் மேல். அசல் மாட்யூல் 2 கேபி சிப்கள் நான்கைக் கொண்டது. சாக்கெட்டில் வருவதும் நான்கு தேர்வுக் கோடுகள், அதாவது எந்த சிப் பேச வேண்டும் என்று சொல்பவை. அவற்றை ஒன்றாக்கி 6264-இன் 20-ஆம் பின்னுக்குக் கொடுக்கத்தான் நீங்கள் கேட் வைத்திருப்பீர்கள். அதற்கு மின்சாரம் எங்கிருந்து எடுத்தீர்கள்? மெஷின் அணைந்தால் செத்துப்போகும் 5 வோல்ட் கோட்டிலிருந்து என்றால், விஷயம் முடிந்தது. மின்சாரம் இழந்த கேட், தன் வெளியீட்டைக் கிட்டத்தட்ட பூஜ்ஜியத்துக்கு இழுத்துவிடும். 20-ஆம் பின் தாழ்ந்தால் 'உன்னைத்தான் கூப்பிடுகிறேன்' என்று சிப்புக்கு அர்த்தம். அது தூங்காமல் விழித்தே கிடக்கும். பின்னை உயரத்தில் பிடித்துவைக்க புல்-அப் ரெசிஸ்டர் போட்டிருந்தாலும் அந்த மின்சாரம் கேட் வழியாகச் செத்த கோட்டுக்குள் கசியும்.

கணக்கும் ஒத்துவருகிறது. அந்த பேட்டரி 50 மில்லி ஆம்பியர்-மணி. 2 மில்லி ஆம்பியர் போனாலே ஒரு நாளில் காலி.

எனவே கேட்டுக்கும் மெமரி சிப்புக்குப் போகும் அதே மின்சாரத்தையே கொடுங்கள். 74எச்சி 2 வோல்ட் வரை இறங்கியும் வேலை செய்யும். அவ்வளவு இறங்காத 74எச்சிடி, 74எல்எஸ் ரகங்கள் இங்கே உதவாது. 6264-இன் இன்னொரு தேர்வுப் பின்னான 26-ஆம் பின்னை அந்தரத்தில் விட்டிருந்தால் அதையும் அந்த மின்கோட்டோடு கட்டிவிடுங்கள். சிப் 'எல்பி' என்று முடியும் குறைமின் ரகமா என்றும் பாருங்கள். 20-ஆம் பின் 'ஏறக்குறைய உயரம்' என்பது போதாது: சிப்பின் மின்னழுத்தத்துக்கு 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 2.4 வோல்ட்டில் நின்றாலும் லாஜிக் கணக்கில் அது உயரம்தான், ஆனால் சிப் அரைத்தூக்கத்தில் மில்லி ஆம்பியர் கணக்கில் இழுக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

திருத்தியதும் அளந்து பாருங்கள். பேட்டரியின் ஒரு காலை எடுத்து, நடுவே 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, மெஷின் அணைந்த நிலையில் அதன் குறுக்கே மின்னழுத்தம் பாருங்கள். 1 மில்லிவோல்ட் என்றால் 1 மைக்ரோ ஆம்பியர். அசல் 32 கேபி மெஷினே சுமார் 8 நாள்தான் தாங்கும், அதாவது 260 மைக்ரோ ஆம்பியர் அளவு. உங்களுடையது அதற்கும் கீழே இருக்க வேண்டும்.

சால்டரிங் அயர்னைத் தொடும் முன் அடியில் இருக்கும் மெமரி சுவிட்சை அணைத்துவிடுங்கள். வேலை முடிந்து போடும்போது திரையில் குப்பையாக வந்தால் பயப்படாதீர்கள்: கண்ட்ரோல், பிரேக் இரண்டையும் அழுத்திக்கொண்டு ரீசெட் தட்டினால் புதிதாகத் தொடங்கும்.