லிசனர் எந்த போர்ட்டில் ஓடுகிறது? குமரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மெசேஜ் க்யூ என்பது ஒரு புரோகிராம் அனுப்பும் தகவலை வாங்கி இன்னொன்றுக்குக் கொடுக்கும் சாஃப்ட்வேர். ராபிட்எம்க்யூ, மாஸ்கிட்டோ, ஐபிஎம் எம்க்யூ, காஃப்கா எல்லாம் அந்த வகை. அதில் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்து, கனெக்ஷனுக்காகக் காத்திருக்கும் பகுதிதான் லிசனர். இவை பற்றி நம் மாவட்டத்திலிருந்து வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வகை. கான்ஃபிக் ஃபைலை அப்படியே அனுப்பி, "இதில் என்ன தப்பு?" என்று கேட்கிறார்கள். ஃபைலில் எழுதியிருப்பதும் சர்வர் இப்போது திறந்து வைத்திருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஓடிக்கொண்டிருப்பதை முதலில் பாருங்கள், ஃபைலை அப்புறம் திறக்கலாம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த வரிசையில்தான் போகின்றன.

நாகர்கோவில் வாசகர்: சார், கம்பெனியில் ராபிட்எம்க்யூ சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இப்போதுதான் என் கைக்கு வந்தது. எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று எங்கே பார்ப்பது? கான்ஃபிக் ஃபைல் காலியாகக் கிடக்கிறது.

ஃபைல் காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஒன்றும் எழுதாவிட்டால் 5672-இல் தானாகவே திறந்துகொள்ளும். சர்வரிலேயே லாகின் செய்து, ரூட் அனுமதியோடு 'ராபிட்எம்க்யூ-டயக்னாஸ்டிக்ஸ் லிசனர்ஸ்' என்ற கட்டளையைக் கொடுங்கள். ஒவ்வொரு லிசனருக்கும் ஒரு வரி வரும். அதில் இன்டர்ஃபேஸ், போர்ட், புரோட்டோகால், எதற்காக என்ற நான்கும் இருக்கும்.

பலரும் போர்ட் எண்ணைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள். இன்டர்ஃபேஸையும் நிதானமாகப் படியுங்கள். சதுர அடைப்புக்குள் இரண்டு முக்காற்புள்ளி இருந்தால் எல்லா நெட்வொர்க் கார்டிலும் கேட்கிறது என்று பொருள். 127.0.0.1 என்று இருந்தால் அந்த மெஷினுக்குள் மட்டும்தான். பக்கத்து மேசையில் இருப்பவர்கூட அதில் நுழைய முடியாது.

வரும் எண்களில் 5672 உங்கள் அப்ளிகேஷன்களுக்கு, 5671 அதே வேலையை டிஎல்எஸ் குறியாக்கத்தோடு செய்வதற்கு. 15672 பிரவுசரில் பார்க்கும் நிர்வாகப் பக்கம். 25672 கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர்களின் கூட்டம்) உள்ள நோடுகளும் நீங்கள் இப்போது ஓட்டிய கட்டளைக் கருவியும் பேசிக்கொள்ள. 4369 இந்தப் பட்டியலில் வராது. அது ராபிட் எழுதப்பட்ட மொழியான எர்லாங்கின் தனிப் புராசஸ், ஆனால் கிளஸ்டருக்கு அதுவும் வேண்டும்.

நிர்வாகப் பக்கம் இயங்கினால், ஓவர்வியூ பக்கத்தில் கீழே 'போர்ட்ஸ் அண்ட் கான்டெக்ஸ்ட்ஸ்' என்ற பகுதியிலும் இதே விவரம் இருக்கும். கடைசியாக லினக்ஸையே கேட்டுவிடுங்கள்: சூடோ சேர்த்து 'எஸ்எஸ் -எல்டிஎன்பி'. அங்கே புராசஸ் பெயர் ராபிட் என்று வராது, 'பீம்.எஸ்எம்பி' என்று வரும். எர்லாங் அந்தப் பெயரில்தான் ஓடும். அது தெரியாமல் சர்வரே விழுந்துவிட்டது என்று பதறியவர்கள் உண்டு.

ஆரல்வாய்மொழி வாசகர்: காற்றாலை சென்சார்களிலிருந்து வரும் தகவலை மாஸ்கிட்டோவில் வாங்குகிறோம். புது மெஷினில் புது வெர்ஷனைப் போட்டதிலிருந்து சென்சார் எதுவும் சேரவில்லை. அதே மெஷினில் இருந்து டெஸ்ட் செய்தால் வேலை செய்கிறது.

2020 டிசம்பரில் வந்த 2.0 வெர்ஷனிலிருந்து நடைமுறை மாறிவிட்டது. லிசனர் என்று ஒரு வரிகூட எழுதாவிட்டால் மாஸ்கிட்டோ அந்த மெஷினுக்குள் மட்டும் கேட்கும். பழைய வெர்ஷனில் எல்லோருக்கும் திறந்து கிடந்தது. லாக் ஃபைலின் தொடக்கத்தைப் பாருங்கள், 'லோக்கல் ஒன்லி மோட்' என்று அதுவே சொல்லியிருக்கும்.  லாக், இல்லாவிட்டால் மேலே சொன்ன எஸ்எஸ், இந்த இரண்டும் எளிய வழி.

கான்ஃபிக்கில் 'லிசனர் 1883' என்று ஒரு வரி சேர்த்து ரீஸ்டார்ட் செய்தால் போர்ட் வெளியே திறக்கும். அடுத்து, அனுமதி இல்லை என்று சென்சார்கள் திருப்பி அனுப்பப்படும். பெயர், பாஸ்வேர்ட் இல்லாமல் வருபவர்களை 2.0 ஏற்காது. இணையத்தில் தேடினால் 'அலவ் அனானிமஸ்' என்பதை ட்ரூ ஆக்கச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 'மாஸ்கிட்டோ பாஸ்வேர்ட்' கருவியால் ஒரு பாஸ்வேர்ட் ஃபைல் உருவாக்க ஐந்து நிமிடம் போதும். காற்றாலைத் தகவலில் யாரோ பொய் எண்ணைப் புகுத்தினால் கண்டுபிடிக்க எத்தனை நாளாகும் என்று யோசியுங்கள்.

மார்த்தாண்டம் வாசகி: வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். ஐபிஎம் எம்க்யூவில் 'டிஸ்ப்ளே லிசனர்' கொடுத்தால் 1414 போர்ட் தெரிகிறது. ஆனால் ஒருவரும் உள்ளே வர முடியவில்லை.

நீங்கள் பார்த்தது வரையறை மட்டும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் நேர அட்டவணையில் பஸ் இருக்கும், பிளாட்பாரத்தில் நிற்கிறதா என்பது வேறு விஷயம். இப்போது ஓடுகிறதா என்று பார்க்க 'ரன்எம்க்யூஎஸ்சி' என்ற கட்டளைக் கருவிக்குள் 'டிஸ்ப்ளே எல்எஸ்ஸ்டேட்டஸ்' என்று கொடுத்து, அடைப்புக்குள் நட்சத்திரம் போடுங்கள். ஓடினால் ஸ்டேட்டஸ், போர்ட், புராசஸ் எண், எப்போது தொடங்கியது எல்லாம் வரும். எதுவும் கிடைக்கவில்லை என்றால் லிசனர் ஓடவில்லை.

காரணம் பெரும்பாலும் 'கன்ட்ரோல்' என்ற புலம்தான். அதன் இயல்பான மதிப்பு மேனுவல். சர்வர் ரீபூட் ஆகி, க்யூக்களை நடத்தும் க்யூ மேனேஜர் எழுந்தாலும், மேனுவலில் இருக்கும் லிசனர் தானாக எழாது. இப்போதைக்கு 'ஸ்டார்ட் லிசனர்' கொடுங்கள். பிறகு 'ஆல்டர் லிசனர்' மூலம் கன்ட்ரோலை 'க்யூஎம்ஜிஆர்' என்று மாற்றிவிட்டால், க்யூ மேனேஜரோடு சேர்ந்தே தொடங்கும், சேர்ந்தே நிற்கும்.

குளச்சல் வாசகர்: காஃப்காவில் 9092 திறந்திருக்கிறது, டெல்நெட்டும் போகிறது. ஆனால் என் லேப்டாப்பிலிருந்து மெசேஜ் அனுப்பினால் டைம் அவுட்.

காஃப்காவில் இரண்டு அமைப்புகளைச் சேர்த்தே பார்க்க வேண்டும். 'லிசனர்ஸ்' என்பது சர்வர் கேட்கும் இடம். 'அட்வர்டைஸ்டு லிசனர்ஸ்' என்பது "இந்த முகவரிக்கு வா" என்று கிளையன்டிடம் சர்வர் சொல்லும் விலாசம். நீங்கள் முதலில் தொடுவது 9092-ஐ, அது சரியாகவே போகிறது. உடனே காஃப்கா தன் விலாசத்தைத் தரும். அடுத்த கனெக்ஷன் அந்த விலாசத்துக்குத்தான் போகும். அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்றோ கிளவுடின் உள் பெயரோ இருந்தால், குளச்சலில் இருக்கும் லேப்டாப் அதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

உங்கள் லேப்டாப்பிலிருந்தே 'காஃப்கா-புரோக்கர்-ஏபிஐ-வெர்ஷன்ஸ்' கருவியை ஓட்டிப் பாருங்கள். அது முதலில் காட்டும் ஹோஸ்ட் பெயரும் போர்ட்டும்தான் சர்வர் உங்களிடம் சொல்லும் விலாசம். வெளியாட்களுக்கு ஒரு லிசனர், உள் சர்வர்களுக்கு ஒரு லிசனர் என்று தனித்தனிப் பெயரில் வைப்பதுதான் நல்ல ஏற்பாடு.

குலசேகரம் வாசகர்: ராபிட்டின் 15672 பக்கத்தை வீட்டிலிருந்து திறந்தால் கெஸ்ட் லாகின் ஏற்கவில்லை. ரப்பர் ஷீட் வாங்கும் கடை சாஃப்ட்வேருக்காகப் போட்டது.

கெஸ்ட் பயனர் அதே மெஷினிலிருந்து மட்டுமே நுழையலாம் என்பது 3.3 வெர்ஷனிலிருந்து உள்ள விதி. அதைத் தளர்த்த வேண்டாம். தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, கெஸ்ட்டை நீக்கிவிடுங்கள். 15672-ஐ இணையம் முழுக்கத் திறந்து வைத்திருப்பதுதான் எனக்குக் கவலை. அந்தப் போர்ட்டை ஃபயர்வாலில் அடைத்துவிட்டு, எஸ்எஸ்எச் டனல் (சர்வருக்குப் போகும் குறியாக்கப்பட்ட தனி வழி) வழியாகப் பாருங்கள்.

தக்கலை வாசகர்: 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்', 'டைம் அவுட்' இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. ரெஃப்யூஸ்ட் என்றால் மெஷின் வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை. அப்போது லிசனரைப் பாருங்கள். டைம் அவுட் என்றால் பெரும்பாலும் நடுவில் ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் போட்டுவிடுகிறது, அல்லது முகவரியே தவறு. ராபிட் நோடு ஓடிக்கொண்டிருந்தும் புது கனெக்ஷன் மட்டும் ரெஃப்யூஸ்ட் ஆனால், 'ராபிட்எம்க்யூ-டயக்னாஸ்டிக்ஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்து மெயின்டனன்ஸ் வரியைப் பாருங்கள். ட்ரூ என்றிருந்தால் யாரோ அப்கிரேடுக்காக, லிசனர்களை மூடும் 'டிரெய்ன்' கட்டளையைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். 'ராபிட்எம்க்யூ-அப்கிரேட் ரிவைவ்' கொடுத்தால் லிசனர்கள் மறுபடி திறக்கும்.