வீட்டில் வாயாடி, வகுப்பில் மௌனம்

கேள்வி: யு.கே.ஜி. படிக்கும் என் மகள் வீட்டில் ஓயாமல் பேசுவாள். ஜூனில் பள்ளியில் சேர்த்தோம். தீபாவளி தாண்டியும் மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்ரூம் போகக்கூடக் கேட்காமல் யூனிஃபார்மை நனைத்துக்கொண்டு வருகிறாள். "பிடிவாதம், நாலு போட்டால் சரியாகும்" என்கிறார் மாமியார்.
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: அடிக்க வேண்டாம். இது பிடிவாதமே இல்லை, பயம். பேச நினைத்தாலும் அந்த இடத்தில் அவளுக்கு வாய் வராது. மருத்துவர்கள் இதை 'செலக்டிவ் மியூட்டிசம்' என்பார்கள். பதற்றக் கோளாறுகளில் ஒன்று. பள்ளி சேர்ந்த முதல் மாத மௌனத்தைப் பெரிதாக எடுப்பதில்லை. உங்கள் மகள் அதை எப்போதோ தாண்டிவிட்டாள்.

முதலில் பாத்ரூம் பிரச்சினை. ஒரு சிவப்பு அட்டையைக் கொடுத்து, மிஸ் மேஜையில் வைத்தால் போதும் என்று பேசி வையுங்கள். வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான் என்றால், இவளிடம் தமிழில் பேசச் சொல்லுங்கள். (ஐந்து வயதுக் குழந்தைக்கு 'மே ஐ கோ' கட்டாயம் என்பது எனக்கு என்றுமே புரிந்ததில்லை.)

அடுத்தது கொஞ்சம் பொறுமையான வேலை. பள்ளி விட்டபின், காலி வகுப்பறையில் நீங்களும் அவளும் மட்டும் பரமபதம் ஆடுங்கள். தாயம் உருட்டி அவள் சத்தமாக எண்ணட்டும். அவள் குரல் அந்த அறையில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சில நாள் கழித்து மிஸ் வராந்தாவில் நடக்கட்டும். அப்புறம் உள்ளே வந்து, இவளைப் பார்க்காமல் நோட்டுத் திருத்தட்டும். பிறகு ஆட்டத்தில் சேரட்டும். கடைசியில் நீங்கள் மெல்ல எழுந்து வெளியே போங்கள். வாரக்கணக்கில் ஆகும். எந்தக் கட்டத்திலாவது அவள் வாய் மூடினால் ஒரு படி பின்னால் வாருங்கள். முதல் வார்த்தை வந்ததும் கைதட்டி ஊரைக் கூட்டக் கூடாது. மிஸ் சாதாரணமாக ஆட்டத்தைத் தொடர வேண்டும்.

தினமும் "இன்னைக்குப் பேசினியா?" என்று கேட்பதையும், விருந்தாளி முன் "ஆன்ட்டிக்கு ரைம்ஸ் சொல்லு" என்பதையும் நிறுத்துங்கள். யாராவது கேட்டால் அவளுக்காக உடனே பதில் சொல்லாமல் ஐந்து விநாடி பொறுங்கள். "சிவப்பா, நீலமா?" என்று கேட்டால் அவளுக்குச் சுலபம், "வேணுமா?" என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள்.

இதற்கிடையே குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்பதையும் சோதித்துவிடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மாமியாரிடம் பேத்தி நன்றாகப் பேசுவாள் என்றால், உங்களால் முடியாத நாளில் பரமபதத்தோடு அவரை அனுப்புங்கள்.