டிப்ளமோ முடித்தால் கஸ்டம்ஸ் புரோக்கர் ஆகிவிட முடியுமா?

வணக்கம் அம்மா. பி.காம். முடித்த மகளை ஒரு வருட கஸ்டம்ஸ் டிப்ளமோவில் சேர்த்தால் கஸ்டம்ஸ் புரோக்கர் (ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குகளின் சுங்க வேலைகளை முடித்துத் தரும் முகவர்) உரிமம் கிடைத்துவிடுமா என்று தூத்துக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. அதற்கு வழி வேறு.

2018-ஆம் ஆண்டு உரிம விதிமுறைகளின்படி, மத்திய அரசின் நாசின் அகாடமி நடத்தும் எழுத்துத் தேர்வில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். பிறகு வாய்மொழித் தேர்வு. எழுத்துத் தேர்வை எழுதவே பட்டத்தோடு இன்னொரு தகுதியும் கேட்கிறார்கள்: எம்.பி.ஏ., சி.ஏ., எல்.எல்.பி. போன்ற ஒன்று, அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கஸ்டம்ஸ் டிப்ளமோ, அல்லது ஜி கார்டு (சுங்க அலுவலகத் தேர்வில் தேறிய புரோக்கர் ஊழியருக்கான அட்டை) வைத்து இரண்டு வருட அனுபவம்.

என் ஓட்டு அந்தக் கடைசி வழிக்குத்தான். உங்கள் ஊரிலேயே ஏதாவது ஒரு சிஎச்ஏ (கஸ்டம்ஸ் புரோக்கரின் பழைய பெயர்) அலுவலகத்தில் மகளை வேலைக்குச் சேர்த்துவிடுங்கள். முதலில், தேர்வு எழுதாத ஊழியருக்கான ஹெச் கார்டு. சுங்க அலுவலகத் தேர்வு எழுதினால் ஜி கார்டு. நாசின் தேர்வு தாண்டினால், அதில் தேறியவர்களுக்கான எஃப் கார்டு. ஆரம்பச் சம்பளம் சுமார்தான், ஆனால் தொழில் அங்கேதான் பிடிபடும்.

ஏன் என்று முந்திரியை வைத்தே சொல்கிறேன். ஓட்டோடு வரும் முந்திரிக்குச் சுங்கக் குறியீடு 0801 31, ஓடு நீக்கிய பருப்புக்கு 0801 32, அதையே வறுத்துவிட்டால் சுங்க வரிப் பட்டியலின் 20-ஆம் அத்தியாயத்துக்குப் போய் 2008 19. குறியீடு மாறினால் வரி மாறும், கட்டுப்பாடும் மாறும். வறுக்காத பருப்பை 'வறுத்தது' என்று காட்டி இறக்கப் பார்த்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதி அறிவிப்புப் படிவம்) தாக்கல் செய்யும் புரோக்கர், தெரிந்தே அதற்குத் துணைபோனால் அபராதம் அவருக்கும் வரும், உரிமமும் பறிபோகலாம். இறக்குமதியாளர் சொன்ன விலாசத்தில் நிஜமாகவே இருக்கிறாரா என்று சரிபார்ப்பதுகூட அவர் கடமைதான். நாசின் தேர்வின் பாடத்திட்டத்தில் ஊழல் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

"துறைமுகத்தில் பெண்பிள்ளை எப்படி அலைவாள்?" என்றும் கேட்டிருந்தீர்கள். சரக்குப் பரிசோதனைக்குக் கன்டெய்னர் யார்டுக்குப் போகத்தான் வேண்டியிருக்கும். ஆனால் பெரும்பகுதி வேலை கணினியில் நடக்கிறது. 2020-இல் சென்னையிலும் பெங்களூருவிலும் தொடங்கிய முகமறியா மதிப்பீடு இப்போது நாடு முழுக்க இருக்கிறது. தூத்துக்குடியில் இறங்கும் சரக்கின் பில்லை வேறு ஊர் அதிகாரி பார்க்கலாம். நேரில் போய்ப் பேசிச் சமாளிக்க வழியில்லை. கேள்வி வந்தால் நல்ல ஆங்கிலத்தில், சட்டப்பிரிவைக் காட்டிப் பதில் எழுத வேண்டும். மகளுக்கு எழுத்து கைவந்தால் அது பெரிய பலம்.

செலவையும் யோசித்துக்கொள்ளுங்கள். சொந்தப் பெயரில் உரிமம் எடுக்க 5 லட்சம் ரூபாய்க்குச் சொத்து இருப்பதற்கான சான்றும், அதே அளவுக்கு வங்கி உத்தரவாதம் போன்ற பிணையும் கேட்பார்கள். இதெல்லாம் நான்கைந்து வருடம் கழித்து வரும் பேச்சு. ஆகவே டிப்ளமோவுக்கு இப்போதே கடன் வாங்காதீர்கள். அப்படியும் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், அந்தப் படிப்புக்கு எந்த அரசு அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறது என்பதை எழுத்தில் வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள்.