கடலோடி பதில்கள்: ஐம்பது வயதுப் படகை நம்பி வாங்கலாமா?

கேள்வி: 1975இல் கட்டிய கான்டெஸ்ஸா 32 பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். கோடையில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி பிரான்ஸ் கரையில் ஷெர்பூர், பிரிட்டனி என்று போய்வர ஆசை. நண்பரோ, “பழைய டிசைன், மெதுவாகப் போகும், உள்ளே நிமிர்ந்து நிற்கவும் இடமிருக்காது” என்கிறார். வாங்கலாமா?
— வாசகர், சவுத்தாம்ப்டன்

பதில்: நண்பர் சொன்னதில் இடநெருக்கடி உண்மை. சக கப்பல்காரர் ஒருவரின் கான்டெஸ்ஸாவில் மூன்று கோடைகள் போயிருக்கிறேன். சமையல் மேடையிலிருந்து முன்னறைக்குப் போவதற்குள் முதல் நாளே இரண்டு முறை தலையில் இடி வாங்கினேன். 32 அடி நீளம், அகலமோ ஒன்பதரை அடிதான். இன்றைய 32 அடிப் படகுகள் பதினோரு அடி வரை அகலம். படகுத்துறையில் கட்டிவைத்து நாலு பேரை விருந்துக்குக் கூப்பிட வேண்டுமென்றால் புதுசைத்தான் வாங்க வேண்டும்.

ஆனால் அந்தக் குறுகலை வெறும் குறை என்று தள்ளிவிடாதீர்கள். டேவிட் சாட்லர் வரைந்து, லிமிங்டனில் ஜெரமி ராஜர்ஸ் கட்டிய படகு இது. மொத்த எடை 9500 பவுண்டு, அதில் 4500 பவுண்டு அடிப்பாரம், அதாவது படகை நிமிர்த்திவைக்க அடியில் வைக்கும் எடை. ஏறக்குறைய பாதி எடை தண்ணீருக்கடியில், கீலில் (படகின் அடியில் செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) இருக்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் வேலைதான். படகு சாயச் சாய இந்தப் பாரம் அதை நிமிர்த்தப் பார்க்கும், ஏறத்தாழ 155 பாகை வரை. அதாவது பாய்மரம் தண்ணீருக்குள் போன பிறகும் திரும்பி எழும். அகலமான படகு தொடக்கத்தில் அசையாமல் நிற்கும், அதனால் அதில் ஏறியவுடன் தைரியம் வரும். கவிழ்ந்துவிட்டாலோ தலைகீழாகவும் அதே போல அசையாமல் கிடக்கும். இதைத்தான் விற்பவர் சொல்ல மாட்டார்.

1979 ஆகஸ்ட் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 303 படகுகள் கிளம்பின, புயலில் பந்தயக்காரர்கள் 15 பேர் இறந்தார்கள். சிறிய படகுகளின் வகுப்பில் பந்தயத்தை முடித்தது ஒன்றே ஒன்று: ‘அசென்ட்’ என்ற கான்டெஸ்ஸா 32. பிற்பாடு அதன் உரிமையாளர் வில்லி கெர் அதே படகில் ஆர்க்டிக்கும் போனார், அண்டார்டிகாவும் போனார்.

வேகத்துக்கு வருவோம். தண்ணீர்க்கோட்டு நீளம், அதாவது தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம், 24 அடி. அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குங்கள், ஆறரை நாட் (மணிக்கு ஆறரை கடல்மைல்) வருகிறது. அதுதான் உச்சம். வைட் தீவின் மேற்கு முனையிலுள்ள நீடில்ஸ் பாறைகளிலிருந்து ஷெர்பூர் சுமார் 60 கடல்மைல், ஐந்தரை நாட்டில் பதினோரு மணி நேரம். புதுப் படகு உங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நங்கூரம் போடலாம். போகட்டும். எதிர்காற்றில் இது போகும் போக்கை ஒரு முறை பாருங்கள். நீடில்ஸுக்கு வெளியே நீரோட்டமும் ஆறாம் எண் காற்றும் (பியூஃபோர்ட் அளவில் பலத்த காற்று) மோதிக்கொண்டிருந்த ஒரு மதியம், அலையை ‘தொம்’மென்று குத்தாமல் சீவிக்கொண்டு போனது. சுக்கான் பிடியில் இரண்டு விரல் போதுமாக இருந்தது. ஆனால் காக்பிட்டில் (படகை ஓட்டுபவர் உட்காரும் பள்ளம்) இருந்தவர்களுக்கு நல்ல குளியல், தேநீரில் பாதி கடல்தண்ணீர். பின்காற்றிலோ உருண்டு உருண்டு போகும். பிள்ளைகளுக்கு வாந்தி வருமா என்பதை வாங்குமுன் ஒரு நாள் கூட்டிப்போய்த் தெரிந்துகொள்ளுங்கள்.

டிசைனைப் பற்றி எனக்குக் கவலையில்லை, கவலை ஐம்பது வருடத்தைப் பற்றித்தான். சர்வேயருக்குப் பணம் கட்டுமுன் நீங்களே ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போங்கள். அதன் பிளாஸ்டிக் பிடியால் டெக்கை (மேல்தளத்தை) அடிக்கு ஓரிடம் தட்டுங்கள். ‘டக் டக்’ என்றால் நல்லது. கைப்பிடிக் கம்பிகளின் அடியில், பாய்மரத்தைச் சுற்றி, ‘தொப்’ என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கி, டெக்கின் இரு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவிலுள்ள மரம் ஊறிவிட்டது. அதைச் சரிசெய்கிற செலவில் நல்ல பாய்கள் ஒரு ஜோடி வாங்கலாம். படகைக் கரையேற்றியிருந்தால் சுக்கானின் அடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடக் கூடாது. அடிப்பாகத்தில் கொப்புளம் இருந்தால் உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு ஒன்றைக் குத்திப் பாருங்கள், வினிகர் வாடை அடித்தால் ஆஸ்மோசிஸ், அதாவது ஃபைபருக்குள் தண்ணீர் ஊறியிருக்கிறது. அதற்காகப் பதறாதீர்கள், விலையைக் குறையுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் எந்த வருடம் மாற்றியவை என்று பில்லோடு கேளுங்கள். “போன ஓனர் மாத்தினார்” என்ற பதிலுக்கு மதிப்பில்லை. எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே அது சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

டெக்கும் சுக்கானும் தேறினால் நான் வாங்குவேன். நாலு பேருக்குப் படுக்கை நெருக்கடிதான், பிள்ளைகள் வளர வளர இன்னும் நெருக்கும்.

கேள்வி: உலகை நிற்காமல் தனியாகச் சுற்றிய முதல் படகு இந்தியாவில் கட்டியதாமே?
— வாசகி, சென்னை

பதில்: ஆமாம், ‘சுஹைலி’. பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டினார்கள். அதுவும் 32 அடிதான், படகு வடிவமைப்பாளர் வில்லியம் அட்கினின் பழைய ‘எரிக்’ வரைபடத்தை ஒட்டியது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14இல் ஃபால்மவுத்தில் கிளம்பி, 1969 ஏப்ரல் 22இல் அங்கேயே வந்து சேர்ந்தார். 312 நாள், முப்பதாயிரம் மைலுக்குச் சற்று மேல். வகுத்துப் பாருங்கள், சராசரி நாலு நாட். அவர் போனது உலகைத் தனியாகச் சுற்றும் போட்டி ஒன்றில், வேகமான படகுகளும் அதில் இருந்தன. முடித்தது இது மட்டும்தான்.