லெ கொர்புசியே: தூண், வெயில், செக்டர் – கேள்வி பதில்

கேள்வி: சார், ஆர்க்கிடெக்சர் இரண்டாம் வருஷம். சண்டிகர் நகரைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே நவீனக் கட்டடத்துக்குச் சொன்ன ஐந்து அம்சங்களும் மனப்பாடம். ஒன்றுக்கொன்று என்ன தொடர்பு என்றுதான் பிடிபடவில்லை.

பதில்: தூணிலிருந்து தொடங்குங்கள். பாரத்தைக் கான்கிரீட் தூணும் ஸ்லாபும் தாங்கிவிட்டால் சுவருக்கு வேலை குறைகிறது. உள்சுவரை வேண்டிய இடத்தில் வைக்கலாம். வெளிச்சுவரைத் தூண் வரிசைக்கு முன்னால் தள்ளினால் முகப்பும் விடுபடும், ஜன்னலும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓடும். கீழே தரை காலி, மேலே தட்டையான ஸ்லாபில் தோட்டம். 1914இல் அவர் வரைந்த டோம்-இனோ சட்டகத்தை (ஆறு தூண், மூன்று ஸ்லாப், ஒரு படிக்கட்டு) கையால் ஒருமுறை வரைந்து பாருங்கள், விளங்கிவிடும்.

கேள்வி: அபார்ட்மென்டில் கீழ்த்தளத்தைத் தூண் மட்டும் வைத்து வண்டி நிறுத்த விடும் ஸ்டில்ட் பார்க்கிங்கும் இதே யோசனைதானே? ஆபத்து என்கிறார்களே?

பதில்: வடிவம் அதேதான். மேல்மாடிகளில் தூண்களுக்கு நடுவே செங்கல் சுவர் இறுக்கமாக நிற்கிறது, கீழே வெறும் தூண். நிலம் அதிர்ந்தால் மேற்பகுதி ஒரே பெட்டியாக நகரும். வளைவு முழுவதும் கீழ்த்தளத் தூண்களின் தலையிலும் அடியிலும் விழும். 2001 குஜராத் பூகம்பத்தில் அகமதாபாத்தில் இப்படித்தான் பல அடுக்குமாடிகள் சரிந்தன. கீழ்த்தளத்தில் இரு திசையிலும் ஷியர் வால் (பக்கவாட்டு அசைவைத் தாங்கும் கான்கிரீட் சுவர்) இருக்கிறதா, தூண் முனைகளில் ஸ்டிரப் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) நெருக்கமாகக் கட்டியிருக்கிறார்களா என்று உங்கள் இன்ஜினியரிடம் கேளுங்கள்.

கேள்வி: சன்ஷேட் எவ்வளவு நீட்ட வேண்டும்? அவர் ஏதாவது கணக்கு வைத்திருந்தாரா?

பதில்: வெயிலிடம் அவரே பாடம் படித்தவர். 1933இல் பாரிஸில் திறந்த, அவர் வடிவமைத்த சால்வேஷன் ஆர்மி (கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு) விடுதிக்குத் தெற்கு முகம் முழுக்க மூடிய கண்ணாடி. குளிரூட்டும் வசதி இல்லாமல் கோடையில் உள்ளே இருக்க முடியவில்லை. பிற்பாடு அதற்கு வெயில்தடுப்பு சேர்க்க வேண்டியதாயிற்று.

கணக்கு எளிது: ஜன்னல் உயரத்தை வெயில் கோணத்தின் (தொடுவானிலிருந்து சூரியன் நிற்கும் உயரம், டிகிரியில்) டேன்ஜென்டால் வகுங்கள், சன்ஷேட் நீட்ட வேண்டிய அளவு வரும். சண்டிகரில் தெற்கு ஜன்னல், உயரம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 21 நண்பகலில் சூரியன் 59 டிகிரியில் நிற்கும், முழு நிழலுக்கு 90 செ.மீ. வேண்டும். ஜூனில் 83 டிகிரி, 18 செ.மீ. போதும். டிசம்பரில் 36 டிகிரி. அதே 90 செ.மீ. சன்ஷேட் மேலே 65 செ.மீ. மட்டும் மறைக்கும், மீதி 85 செ.மீ. வழியாகக் குளிர்கால வெயில் உள்ளே வரும். அதுதான் நமக்கு வேண்டியது.

மேற்குப் பக்கம் இந்தக் கணக்கு செல்லாது. மாலை வெயில் தாழ்ந்து வரும், சாய்த்து வைத்த செங்குத்துப் பலகைதான் தடுக்கும். அகமதாபாத்தில் அவர் வடிவமைத்த மில் உரிமையாளர் சங்கக் கட்டடத்தின் மேற்கு முகத்தைப் பாருங்கள். ஒன்று கவனம்: கான்கிரீட் பகலில் சூடேறி இரவில் அதை வெளியே விடும். பலகையைச் சுவரோடு ஒட்டாமல் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: சண்டிகரை அவர் பிரித்த செக்டர் என்ற குடியிருப்புக் கட்டம் ஏன் அந்த அளவு? நடந்து போக முடிகிறதா?

பதில்: ஒரு செக்டர் 800க்கு 1200 மீட்டர். பள்ளி, கடை, பூங்கா எல்லாம் உள்ளேயே. வேகச் சாலையான வி3 (வி என்பது சாலை வகைகளுக்கு அவர் வைத்த குறி) செக்டரைச் சுற்றி ஓடும், வீட்டு வாசல் எதுவும் அதில் திறக்காது. கடைத்தெரு வி4 குறுக்கே போகும். வீட்டு வாசலுக்கு வருவது வி6, பசுமைப் பட்டையில் நடக்க வி7. செக்டருக்குள் நடப்பது சுகம். வேறு செக்டருக்குப் போவதென்றால் வெயிலில் வெறும் சாலையோரம் தாண்டிப் போக வேண்டும். அவர் திட்டத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

கேள்வி: மொட்டை மாடித் தோட்டம் ஒழுகாதா?

பதில்: அவர் கட்டிய வில்லா சவாயே என்ற வீடே ஒழுகியது, வீட்டுக்காரர்கள் புகார்க் கடிதமே எழுதினார்கள். நீங்கள் 1:100 சரிவு கொடுங்கள். நீர்த்தடுப்பைக் கைப்பிடிச் சுவரில் மண் மட்டத்துக்கு மேல் 15 செ.மீ. வரை ஏற்றுங்கள். மண் போடும் முன் இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பாருங்கள்.