பதில்: நிர்வாணக் கடற்கரைக்கு முதல்முறை, வண்டி நிறுத்துமிடத்திலேயே உடையைக் கழற்றிவிடலாமா?

வேண்டாம். கடற்கரையில் நிர்வாணத்துக்கு அனுமதி இருப்பதால் அதற்குப் போகும் பாதையிலும் அனுமதி என்று ஆகாது. புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். நிர்வாணப் பகுதியின் எல்லைப் பலகையைத் தாண்டி, இடம் பார்த்து, துண்டை விரித்த பிறகு கழற்றுங்கள். கழிவறை, கடை, வண்டி என்று பகுதியை விட்டு வெளியே எங்கே போனாலும் உடுத்திக்கொண்டு போங்கள்.

எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. தேசியச் சட்டத்தோடு உள்ளூர் விதியையும் பாருங்கள். ஸ்பெயினில் வெறும் நிர்வாணம் நாட்டளவில் குற்றமில்லை, ஆனாலும் பார்சிலோனா நகராட்சி 2011-ல் தெருக்களில் அதைத் தடைசெய்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003-ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு நோக்கத்தைப் பார்க்கிறது: பிறர் கண்டு திடுக்கிட வேண்டும் அல்லது வேதனைப்பட வேண்டும் என்றே அந்தரங்க உறுப்பைக் காட்டினால் அது குற்றம்.

கைபேசி பைக்குள்ளேயே இருக்கட்டும். கடலைத்தான் படமெடுத்தீர்கள் என்பது பத்தடி தள்ளிப் படுத்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? பொது இருக்கையில் துண்டு போடாமல் உட்காராதீர்கள். காலியிடம் கிடக்கும்போது ஒருவர் அருகே போய் விரிக்காதீர்கள். பேசினால் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். உடல் தன்னிச்சையாகக் கிளர்ந்தால் பதற வேண்டாம். குப்புறப் படுங்கள், அல்லது துண்டால் மூடிக்கொள்ளுங்கள்.

வெயில் படாத தோல் சீக்கிரம் வெந்துவிடும். போவதற்குக் கால் மணி நேரம் முன்பே சன்ஸ்கிரீன் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் குளித்து வந்ததும் மறுபடி பூசுங்கள். பிட்டத்தையும் பாதத்தின் மேற்புறத்தையும் மறந்துவிடாதீர்கள்.